எட்டு வயதுவரை பாவமில்லை

ஜூன் 10, திங்கள்

உரக்கடை மாணிக்கம் ஜனவரியில் கொடுத்த டைரி இதுவரை சும்மா கிடந்தது. பேத்தி பிறந்திருக்கிறாள், இனியாவது எழுதலாம் என்று எடுத்தேன்.

மகள் பெனிட்டாவுக்குச் சனிக்கிழமை சுகப்பிரசவம். பிள்ளைக்கு என் மூக்கு. என் மனைவி கிருபா அப்படி இல்லவே இல்லை என்கிறாள். பிரசவ வார்டில் மூக்கைப் பற்றி வாக்குவாதம் செய்த ஒரே தாத்தா நான்தான் என்று நர்ஸ் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஐயருக்குப் போன் போட்டு, ஆகஸ்ட் 11 ஞாயிறு ஞானஸ்நானம் என்று நாள் வாங்கிவிட்டேன். (எங்கள் பக்கத்தில் சபைப் போதகரை ஐயர் என்போம். கோயம்புத்தூர் மாப்பிள்ளைக்கு இதை விளங்க வைக்கவே ஒரு வருஷம் ஆயிற்று.) சேகரத்துக்கு, அதாவது எங்கள் வட்டாரத்துச் சபைகளின் தொகுப்புக்கு, செயலாளராக இருப்பதில் எனக்குக் கிடைக்கிற ஒரே சலுகை, கேட்ட ஞாயிறு கிடைக்கும். மாப்பிள்ளையிடம் கேட்கவில்லை. இதில் கேட்க என்ன இருக்கிறது.

ஜூன் 12, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டார்கள். கொடியில் துணி காய இடமில்லை. என் வேட்டியை மதில்மேல் போட்டிருக்கிறார்கள்.

ஜூன் 15, சனி

மாப்பிள்ளை நவீன் குமார் காலை ரயிலில் வந்தார். நல்ல பையன். குடிப்பதில்லை, புகைப்பதில்லை, டீயும் காப்பியும்கூடக் குடிப்பதில்லை. அவர்கள் சபையில் கூடாதாம். கல்யாணமான புதிதில் கிருபா இதைக் கேட்டுவிட்டு, "அப்பம் காலைல எந்திரிச்சு என்னதான் செய்வாவ?" என்று கவலைப்பட்டாள். இப்போது பனங்கற்கண்டு போட்டுப் பால் கொடுக்கிறாள்.

அவர் எந்தச் சபை என்று பெண் கொடுக்குமுன் விசாரித்தேன். பெயர் ஒரு ரயில் நீளம் இருந்தது. அதன் நடுவில் இயேசு கிறிஸ்து இருந்தார். போதும் என்று விட்டுவிட்டேன். பிறகுதான் அது மார்மன் சபை என்று தெரிந்தது. அப்போது பந்தலே போட்டாகிவிட்டது.

ஞானஸ்நான நாளைச் சொன்னேன். பாலைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கீழே வைத்தார்.

"மாமா, தப்பா நினைச்சுக்காதீங்க. எங்க சபைல குழந்தைங்களுக்கு ஞானஸ்நானம் கிடையாதுங்க. எட்டு வயசு ஆகோணும்."

"எட்டு வயசுன்னா பள்ளிக்கூடம் இருக்குமே" என்றேன். அவர் ஏதோ நாள் ஒத்துவராததைச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"இல்லீங்க மாமா. எட்டு வயசு வரைக்கும் அவளுக்குப் பாவமே இல்லீங்க. எதைக் கழுவறது?"

நான் மோட்டார் போட எழுந்து போனேன். தொட்டி ஏற்கனவே நிறைந்திருந்தது.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனைக்குப் பிறகு எட்வின் அண்ணாச்சி, "பேத்திக்கு ஞானஸ்நானம் எப்பம்?" என்றார். ஆகஸ்ட் 11 என்றேன். எதுவும் மாறவில்லை.

ஜூன் 24, திங்கள்

பெனிட்டாவிடம் தனியாகப் பேசினேன். "நீ என்ன சொல்லுத?" என்றேன். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவுக்கு வாங்கப்பா. எனக்குத் தூக்கம் வந்தாப் போதும்" என்றாள். பிள்ளை பெற்றவளிடம் வேதசாத்திரம் பேசக்கூடாது என்று குறித்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் கடைசியில் அவர்கள் கோயம்புத்தூர் போய்விடுவார்கள். போய்விட்டால் நடக்காது. பிள்ளை இந்த வீட்டில் இருக்கும்போதே அது ஞானஸ்நானம் பெற்றாக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஜூலை 1, திங்கள்

மாப்பிள்ளையை வேதத்தைக் கொண்டே மடக்குவது என்று முடிவு செய்தேன். ஞாயிறு பள்ளியில் இத்தனை வருஷம் பாடம் எடுத்தவன் நான். ஜென்ம பாவம், கர்ம பாவம் இரண்டும் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆதாம் விழுந்தான். அந்தக் கறை அவன் பிள்ளைகள் எல்லோருக்கும் வந்தது. நாம் செய்வது கர்ம பாவம், நம்மோடு பிறப்பது ஜென்ம பாவம். தாவீது ராஜாவே தன் தாயின் வயிற்றிலிருந்தே அதோடு வந்ததாகச் சொல்லி அழுதிருக்கிறார். பவுல் ஒரே மனுஷனால் பாவம் உலகத்துக்குள் வந்தது என்கிறார். வசனங்களை வரிசையாகத் தயார் செய்துவிட்டேன்.

ஆதாரம் இன்னும் வேண்டுமென்றால் போன சேகரக் கமிட்டித் தேர்தலைக் காட்டுவேன்.

ஜூலை 6, சனி

மாப்பிள்ளை வந்தார். சாப்பாடு முடிந்ததும் ஆரம்பித்தேன். தாவீது, பவுல், எல்லோரையும் இறக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இரண்டு வருஷம் டில்லிப் பக்கம் வீடு வீடாகப் போய் ஊழியம் செய்தவராம். பத்தொன்பது வயதில் அவர்களுக்கு 'மூப்பர்' என்று பேர். எங்கள் சபையில் எட்வின் அண்ணாச்சி எழுபத்திரண்டு வயதிலும் அந்தப் பதவிக்கு நின்று தோற்றுக்கொண்டிருக்கிறார்.

"ஆதாம் மீறினது உண்மைதாங்க மாமா. அதனால சாவு வந்துச்சு, கஷ்டம் வந்துச்சு. அதெல்லாம் நமக்கும் உண்டுங்க. ஆனா அவரு செஞ்சதுக்குத் தண்டனை நமக்கு இல்லீங்க. அவங்கவங்க செஞ்சதுக்குத்தான் அவங்கவங்க. ஆதாமோடத கிறிஸ்து எல்லாருக்குமாச் சேர்த்துத் தீர்த்துட்டாருங்க."

"அப்பம் பிள்ளைக்கு ரட்சிப்பே வேண்டாங்கியளா?"

"வேணுங்க. அது கிறிஸ்துவாலதாங்க. அதுக்காகத் தண்ணிக்குக் காத்திருக்க வேண்டியதில்லைன்னு சொல்றேன்."

இதெல்லாம் எங்களிடம் இல்லாத வேறு ஒரு புத்தகத்திலும் இருக்கிறதாம். எதிராளியிடம் கூடுதலாக ஒரு புத்தகம் இருந்தால் வாதம் செய்வது கஷ்டம்.

ஜூலை 7, ஞாயிறு

ஞாயிறு பள்ளியில் ஏதேன் தோட்டப் பாடம். நான் வைத்ததல்ல, வரிசைப்படி வந்தது. "ஆதாம் தின்னதுக்கு எங்களுக்கு எதுக்கு சார் அடி?" என்று பாக்கியமணியின் மகள் கேட்டாள். மழை வரும்போல் இருக்கிறது, சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள் என்று வகுப்பை விட்டேன். மழை வரவில்லை.

ஜூலை 13, சனி

இன்று ஏவாள். நான்தான் ஆரம்பித்தேன், என் தப்பு.

அந்தப் பெண்பிள்ளை பழத்தைத் தின்னாமல் இருந்திருந்தால் நமக்கு இவ்வளவு பாடு உண்டா என்றேன். மாப்பிள்ளை, "தின்னாம இருந்திருந்தா நாம யாருமே இல்லீங்க மாமா. தோட்டத்துல இருந்த வரைக்கும் அவங்களுக்குக் குழந்தையே பிறந்திருக்காதுன்னு நாங்க நம்பறோம். அவங்க எடுத்த முடிவாலதான் மனுசங்க உண்டானாங்க. நாங்க அவங்களத் திட்டறதில்லீங்க, நன்றியோட நினைப்போம்" என்றார்.

ஏவாளுக்கு நன்றி சொல்லுகிற கூட்டத்தை இப்போதுதான் பார்க்கிறேன். எங்கள் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில்கூட யாரும் சொன்னதில்லை.

கிருபா அடுப்படியில் இருந்தாள். அவள் இதிலெல்லாம் தலையிடுகிறவள் இல்லை. அங்கிருந்தே கேட்டாள்: "மாப்ள, அப்பம் ஞானஸ்நானம் ஆகாமலே செத்துப்போற பிள்ளைய?"

"நேரா கடவுள்கிட்டதாங்க அத்தை. அதுல எங்களுக்குச் சந்தேகமே இல்லீங்க."

"நேராவா?"

"நேராங்க."

கிருபா அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய்க் கொடியிலிருந்த துணியை எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தாள். துணி காயவே இல்லை. ஈரமாகவே மடித்து வைத்தாள்.

ஜூலை 14, ஞாயிறு

மடித்து வைத்த துணி வாடை அடிக்கிறது. மறுபடி துவைத்தோம்.

ஜூலை 18, வியாழன்

ஐயரைப் போய்ப் பார்த்தேன். சின்ன வயது. படித்தவர். மாப்பிள்ளை சொல்லுவதை எல்லாம் சொன்னேன். வேதப்புரட்டு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார், அதைக் கொண்டுபோய் மாப்பிள்ளையிடம் போடலாம் என்று எதிர்பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"அவங்க உபதேசத்துல நமக்கு ஒத்துக்கிட முடியாதது நெறைய இருக்கு சார். ஜென்ம பாவம் இல்லன்னு நாம சொல்ல முடியாது. மனுஷன் தானா நல்லவன்னு நம்பினா அப்புறம் சிலுவைக்கே அர்த்தம் இல்ல. பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கது நல்லது, குடுக்கணும். ஆனா, குடுக்காமப் போன பிள்ளைய கடவுள் தள்ளிருவாருன்னு இன்னைக்கு நாங்க யாரும் போதிக்கது இல்ல. அத அவர் இரக்கத்துல விட்டிருதோம்."

"இன்னைக்குன்னா? முன்னால?"

"முன்னால சிலர் கடுமையாச் சொல்லியிருக்காவ" என்றார்.

வீட்டுக்கு வரும் வழியில் வாழைப்பழம் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 19, வெள்ளி

பேத்தி இரண்டு தடவை தும்மினாள்.

ஜூலை 22, திங்கள்

குளிப்பாட்ட வருகிற செல்வி ஊருக்குப் போய்விட்டாள். கிருபாவே கொல்லைப்புறத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, காலை நீட்டி, பிள்ளையைக் காலில் போட்டுக்கொண்டாள். பெனிட்டா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அண்டாவில் வெந்நீரை விளாவி, செம்பால் மொண்டேன்.

என்ன நினைத்தேன் என்பதை எழுதிவிடுகிறேன். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் ஐயர் இல்லையென்றால் விசுவாசி யாராக இருந்தாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்கள் சபை விதி. தண்ணீர் வேண்டும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று திரித்துவத்தின் பேர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தண்ணீர் கையில் இருந்தது. ஆபத்துக்கு வெள்ளிக்கிழமைத் தும்மல் இருந்தது. மூன்று தடவை தலையில் ஊற்றி மனதுக்குள் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. யாருக்கும் தெரியாது, மாப்பிள்ளைக்கும் நஷ்டமில்லை. எட்டு வயதில் அவர் இஷ்டப்படி இன்னொரு தடவை முக்கிக்கொள்ளட்டும்.

செம்பைச் சாய்க்கப் போனேன். வாய் தானாக அசைந்துவிட்டது போலிருக்கிறது. கிருபா பிள்ளையின் தலையை உள்ளங்கையால் மூடினாள்.

"செம்பக் கீழ வைங்க."

வைத்தேன்.

"நீங்க என்ன முணுமுணுக்கியன்னு எனக்குத் தெரியும். ஊத்துங்க, நா தடுக்கல. ஆனா ஒண்ணச் சொல்லிட்டு ஊத்துங்க. இது இல்லாட்டி இவளுக்கு ஆகாதுன்னா, நம்ம பையன் இப்பம் எங்க இருக்கான்?"

பெனிட்டாவுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். ஒரு ராத்திரியும் ஒரு பகலும் இருந்தான். அப்போதிருந்த ஐயர் வெளியூரில் கன்வென்ஷனுக்குப் போயிருந்தார். அவர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு அடக்க ஆராதனை கிடையாது, மணியும் அடிக்கக்கூடாது என்று சொன்னார். என் தம்பியும் நானும் கல்லறைத் தோட்டத்துப் பின்மதில் ஓரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தோம். கிருபா ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவள் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. நாங்கள் அதைப் பற்றிப் பேசினதும் இல்லை.

அதன் பிறகும் வருஷா வருஷம் நான் ஜென்ம பாவம் பாடம் எடுத்தேன். எனக்குக் கணீர்க் குரல். அடுத்த அறையில் கிருபா சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். நடுவில் ஒரு தட்டிதான் உண்டு. இத்தனை வருஷத்தில் இன்றுதான் அந்தத் தட்டியை நினைத்தேன்.

"எனக்குத் தெரியல கிருபா" என்றேன்.

"தெரியாட்டி ஊத்தாதிய" என்றாள்.

பிள்ளை குளிரில் அழ ஆரம்பித்தது. வெறும் தண்ணீரை ஊற்றினேன். அவள் சோப்புப் போட்டாள்.

ஜூலை 23, செவ்வாய்

ஒன்றுமில்லை.

ஜூலை 24, புதன்

கிருபா வழக்கம்போல் இருக்கிறாள். மாங்காய் ஊறுகாய் போட்டாள். நான்தான் வழக்கம்போல் இல்லை.

அப்படிப்பட்ட பிள்ளையைக் கடவுள் தள்ளமாட்டார் என்று இந்தக் காலத்து ஐயர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். அதை அன்றைக்கே யாராவது ஆஸ்பத்திரிக்குப் போய் அவளிடம் சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்.

ஆகஸ்ட் 3, சனி

மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு குளத்தங்கரைப் பக்கம் நடந்தேன். மகனைப் பற்றிச் சொன்னேன். இதுவரை பெனிட்டாவிடம்கூட நான் சொன்னதில்லை. அவளுக்குத் தெரியும் என்று மாப்பிள்ளை சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. கிருபா எப்போதோ சொல்லியிருக்கிறாள்.

"ஆகஸ்ட் 11 வேண்டாம் மாப்ள, நிறுத்திருதேன்" என்றேன். "நீங்க செயிச்சியன்னு நெனைக்காண்டாம். ஜென்ம பாவம் உண்டுன்னுதான் இன்னமும் சொல்லுதேன். என்னையே தெனமும் பாக்கேம்லா. ஆனா இத வச்சு அவள இன்னொரு தடவ அழவைக்க எனக்குத் தெம்பில்ல."

அவர் நடப்பதை நிறுத்தி என் பக்கம் திரும்பினார். பிறகு, "மாமா, எங்க சபைல ஒரு வழக்கம் இருக்குங்க. அடக்கம் பண்ணின இடத்துல நின்னு ஜெபம் பண்ணி, அந்த இடத்தைக் கடவுள்கிட்ட ஒப்படைப்போம். பிரதிஷ்டை பண்றதுன்னு சொல்லுவோம். ஆசாரியத்துவம் வாங்கின யாரு வேணா செய்யலாங்க. நான் செய்யலாம்" என்றார்.

"வருசக்கணக்கா ஆயிட்டே."

"எத்தனை வருசமானாலும் செய்யலாங்க."

"ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைக்கு?"

"அவனுக்கு அது வேண்டியதே இல்லைன்னுதானுங்களே ரெண்டு மாசமாச் சொல்லிட்டிருக்கேன்" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுரோட்டில். பஸ் ஒன்று ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

கிருபாவிடம் கேட்டேன். வருகிறேன் என்றாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் ஐயரிடம் சொன்னேன். ஞானஸ்நானம் ரத்து இல்லை, தள்ளிவைப்பு என்றேன். எவ்வளவு நாள் என்றார். எட்டு வருஷம் என்றேன்.

பின்மதில் விஷயத்தையும் சொன்னேன். இரகசியமாகச் செய்ய எனக்கு இஷ்டமில்லை. "நான் வந்து நிக்க முடியாது சார். கமிட்டி என்னக் கிழிச்சிரும். நம்ம ஜெபப் புத்தகத்துல அதுக்கு ஒழுங்கும் கெடையாது. ஆனா கல்லறைத் தோட்டத்துச் சாவி கோயில்குட்டியார்ட்ட இருக்கு. 11-ம் தேதி சாயங்காலம் திறந்து வைக்கச் சொல்லுதேன். செடிக்குத் தண்ணி விடணும்லா" என்றார். (கோயில்குட்டியார் என்றால் தேவாலயத்தைப் பெருக்கி, மணியடித்துப் பார்த்துக்கொள்பவர்.)

நம் கமிட்டியைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. செயலாளரே நான்தான்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பின்மதில் ஓரம் போய் இடத்தைத் தேடினேன். உடைமுள் மண்டிக்கிடக்கிறது. வெட்டிச் சுத்தம் செய்தேன். சரியான இடம் இதுதான் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. மதிலில் வெடிப்பு இருந்த இடத்துக்கு நேரே என்பது நினைவு. இப்போது மதில் முழுக்க வெடிப்பு. தம்பிக்கு மதுரைக்குப் போன் போட்டேன். "வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் அண்ணே" என்று உடனே சொன்னான். அவனும் மறக்கவில்லை.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சாயங்காலம் போனோம். கேட் திறந்திருந்தது. கோயில்குட்டியார் தூரத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செடிக்குத் தண்ணீர் விட்டார். ஒரே செடிக்கு விட்டுக்கொண்டிருந்தார்.

பேத்தியைப் பெனிட்டா தோளில் போட்டிருந்தாள். மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை போட்டு டை கட்டியிருந்தார். இந்த வெயிலில் டை எதற்கு என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். வேப்பமரத்துக்கு இந்தப் பக்கம் காட்டினேன். கிருபா அந்தத் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து, நான் வெட்டாமல் விட்ட ஒரு முள்ளைப் பிடுங்கி வெளியே எறிந்தாள்.

மாப்பிள்ளை கைகளைக் கட்டித் தலைகுனிந்தார். ஆரம்பிக்குமுன் நிமிர்ந்து மெதுவாக, "மாமா, பையன் பேர் என்னங்க?" என்றார்.

அவனுக்குப் பேர் இல்லை. எங்களுக்கு ஞானஸ்நானத்தில்தான் பேர் வைப்பார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் 'கிருபாவதியின் ஆண் குழந்தை' என்றுதான் போட்டிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன்.

"ஆனந்தராஜ்" என்றாள் கிருபா.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"ஆனந்தராஜ்" என்று மறுபடி சொன்னாள். "நா அவன அப்படித்தான் கூப்பிடுவேன்."

கூப்பிட்டேன் என்று சொல்லவில்லை. கூப்பிடுவேன் என்றாள்.

மாப்பிள்ளை ஜெபித்தார். சின்ன ஜெபம். உயிர்த்தெழும் நாள்வரை ஆனந்தராஜ் இளைப்பாறும் இடமாக இது இருக்கட்டும், அன்று அவன் தாயும் தகப்பனும் அவனைப் பெற்றுக்கொள்ளட்டும் என்றார். அவர்கள் உபதேசத்தில் பாதி எனக்கு இன்னும் ஒத்துவராது. ஆமென் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். கோயில்குட்டியாரும் சொன்னார், திரும்பாமலே.

ஆகஸ்ட் 12, திங்கள்

மாப்பிள்ளை ஊருக்குப் போய்விட்டார். காலையில் கிருபா காப்பி கொண்டுவந்தாள். வழக்கமாகத் தம்ளரை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். இன்று என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஆனந்துக்கு இந்த அக்டோபர் வந்தா முப்பத்தஞ்சு" என்றாள்.

"ஆமா" என்றேன். பிறகு, "அவனுக்கு யாரு மூக்கு கிருபா?" என்று கேட்டேன்.

"ஒங்க மூக்குதான்" என்றாள். "அப்படியே ஒங்க மூக்கு. பாப்பாவுக்கும் அதே மூக்குதான். முந்தியே பாத்துட்டேன். சொல்ல முடியல."

காப்பி ஆறிவிட்டது. அவள் இன்னொரு தடவை சுடவைத்துக் கொண்டுவந்து, மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.